கேட்டே பழகிய தெலுங்கு, படித்தும் வராத ஆங்கிலம்!

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குள் நுழைந்தால் ஒரே ஆட்டின் விலையை நான்கு மொழியில் கேட்கலாம். குப்பம் பக்கத்திலிருந்து வந்தவர் ‘எந்த?’ என்பார். பெங்களூருக்கு வாங்கிப்போக வந்தவர் ‘எஷ்டு?’ என்பார். கறிக்கடை பாய் ‘கித்தா?’ என்பார். விற்கிறவர் மூன்று பேருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகனிடம் தமிழில் ‘கயித்த இறுக்கிப் புடிடா’ என்று அதட்டுவார். அவர் தெலுங்கு வகுப்புக்குப் போனவரல்ல. கன்னடத்தில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. காதில் விழுந்தது வாயில் வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் மகனோ மகளோ ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்திருப்பார்கள். கல்லூரிக்குப் போன பிறகும் படிக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பகுதிக் கல்லூரிகளில் ‘எதில் அரியர்?’ என்று கேட்டால், கணக்குக்கு அடுத்தபடி தயங்காமல் வரும் பதில் ‘இங்கிலீஷ்’.

பிள்ளைகளுக்கு மொழி வராது என்று யாராவது சொன்னால் அவர்களை இந்தச் சந்தைக்குக் கூட்டி வர வேண்டும். தமிழ்நாட்டில் காது இவ்வளவு கூர்மையான வட்டாரங்கள் குறைவு. ஆந்திரமும் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் இது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பேருந்தில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் இங்கே சாதாரணம். மற்ற மொழிகளையெல்லாம் காதால் வாங்கியவர்களுக்கு ஆங்கிலத்தை மட்டும் கண்ணால் கொடுத்தோம். அந்தப் பழக்கத்தைக் கல்லூரித் தேர்வும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிப்காட் கேட்கும் ஆங்கிலம்

இணையத்தில் ‘போச்சம்பள்ளி’ என்று தட்டினால் முதலில் வருவது தெலங்கானாவின் பட்டுச் சேலை. அது வேறு ஊர். நம் போச்சம்பள்ளிக்கு நீண்ட நாள் அடையாளமாக இருந்தவை வாரச்சந்தையும், தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் 7ஆம் அணியும், பக்கத்திலிருக்கும் பாரூர் ஏரியும். பிறகு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அதில் 500 ஏக்கரில் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. முழுக்கப் பெண்களே இயக்கும் ஆலை, முழு வேகத்தில் ஓடும்போது 10,000 பெண்களுக்கு வேலை என்று 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், அதற்கு முன்பே டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம், இருபது ஆண்டுகளில் மாம்பழ மாவட்டம் என்ற பெயரோடு தொழிற்சாலை மாவட்டம் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது.

இந்த ஆலைகளில் கேட்கும் ஆங்கிலம் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் அல்ல. லைனில் நிற்கும் சூப்பர்வைசர் தமிழராக இருக்கலாம். ட்ரெயினிங் கொடுப்பவர் புனேக்காரர், ஒலிபெருக்கியில் வரும் பாதுகாப்பு அறிவிப்பு ஆங்கிலம், ஷிஃப்ட் மாறும்போது எழுதிவைக்க வேண்டிய குறிப்பு ஆங்கிலம், லீவு கேட்டு எச்.ஆருக்குப் போகும் மெயில் ஆங்கிலம். டார்க் 15 நியூட்டன் மீட்டரா, 50ஆ என்பதைக் காது பிரித்தறியாவிட்டால் போல்ட் உடையும். ஆங்கிலத்தில் இந்த இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் கடைசி ‘ன்’ இல்லை, அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பாதி ஓங்கும், ‘ஃபிஃப்டி’யில் முன்பாதி. இதை எந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

மூன்று கிரெடிட்டும் ஒரு கிரெடிட்டும்

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு பல்கலைக்கழகங்களின் கீழ் தேர்வு எழுதுகிறார்கள். கலை, அறிவியல் படிப்பவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். 1997இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கே பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம். பொறியியல் படிப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை எடுத்துப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ என்று ஒரு தாள். மின்னஞ்சல், நிகழ்வு அறிக்கை, பொருளை அல்லது செய்முறையை விவரித்தல், அறிவுறுத்தல்கள், வரைபடத்தைப் பார்த்து எழுதுதல், கட்டுரை என்று ஐந்து யூனிட். உண்மையில் நல்ல பாடத்திட்டம். தொழிற்சாலை வாசலுக்கு இதைவிடப் பொருத்தமாகத் திட்டமிடுவது கடினம். ஆனால் முழுக்க வாசிப்பும் எழுத்தும். காதுக்குரிய பகுதி ‘இங்கிலீஷ் லேபரட்டரி’ என்ற தனிச் செய்முறை வகுப்புக்குப் போய்விட்டது. உரையாடல், பாட்காஸ்ட், ஆவணப்படம், பொருள் விளம்பரம், அறிவியல் சொற்பொழிவு எல்லாம் அங்கே கேட்க வேண்டும்.

தாளுக்கு மூன்று கிரெடிட். லேபுக்கு ஒன்று.

மாணவர்கள் மடையர்கள் அல்ல. மூன்று எங்கே இருக்கிறதோ அங்கே உழைப்பார்கள். லேப் என்றால் ரெக்கார்டு நோட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, வைவாவில் தன்னைப் பற்றி நான்கு வரி ஒப்பித்தால் போதும் என்ற முடிவுக்கு இரண்டாவது வாரமே வந்துவிடுவார்கள். ஹெட்போன் பாதி வேலை செய்யாத லேபில் அந்த முடிவைக் குறை சொல்லவும் முடியாது. பார்ட் டூ ஆங்கிலத்திலும் கதை இதுதான்: உரைநடை, கவிதை, சிறுகதை, கொஞ்சம் இலக்கணம், மூன்று மணி நேரம் எழுத்து. 2020–21இல் உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் மாணவர்களுக்கும் ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ என்று துறைவாரியாகப் புத்தகம் தயாரித்துக் கொடுத்தது. அதில் கேட்டல் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. செமஸ்டர் தாளில் ஒலி இல்லை என்பதால் அந்தப் பக்கங்கள் புரட்டப்படாமலே இருக்கின்றன.

கேட்டலுக்கு மதிப்பெண் இல்லாததால் கேட்பது நின்றது. எழுத்துக்கு மதிப்பெண் இருந்தும் எழுதுவது நின்றுபோனது, அதுதான் விசித்திரம். ஏனென்றால் எழுதுவதற்குப் பதிலாக ஒப்பிக்கலாம் என்று நோட்ஸ் கடைகள் கண்டுபிடித்துவிட்டன. தேர்வுக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடையில் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ கட்டு விற்கும். செய்முறை விவரணை இரண்டு, கட்டுரை நான்கு, கடிதம் மூன்று. கடம் அடித்தால் பாஸ். கேள்வி சற்றே திரும்பினால் அரியர். கட்டுரைத் தலைப்பு ‘ரயில் பயணம்’ என்றிருக்க, கடம் அடித்த ‘சுற்றுலாப் பயண’த்தில் பேருந்தை மட்டும் ரயிலாக மாற்றி எழுதி, நடுவில் ஓரிடத்தில் டிரைவர் பிரேக் போட்டுவிடுவது திருத்துகிறவர்களுக்குப் பழகிப்போன நகைச்சுவை.

காது எங்கே தவறுகிறது

தமிழ்க் காது ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்; பயிற்சி செய்கிறவர்கள் இந்த மூன்றில் நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலாவது, இல்லை என்பது வரும் இடம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. ‘நேற்று ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வண்டி…’ வரைக்கும் வந்ததா வரவில்லையா என்று தெரியாது. கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தே நம் காது பழகியிருக்கிறது. ஆங்கிலம் அந்தச் செய்தியை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, அதுவும் தேய்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விடும். ‘டிடின்ட்’ என்பதில் கடைசி ‘ட்’ காற்றில் கரைந்துவிடும். கடைசிச் சொல்லுக்குக் காத்திருப்பவர் ‘வந்தது’ என்று எழுதிவிடுவார். ‘கேன்’, ‘கான்ட்’ குழப்பமும் இதே வகைதான். ‘ட்’டைத் தேடாதீர்கள். சொல் தேய்ந்து ‘க்ன்’ என்று ஓடினால் முடியும். அழுத்தி நின்றால் முடியாது.

இரண்டாவது, தேய்மானம். தாளில் ‘ஷுட் ஹேவ் பீன் செக்ட்’ என்று நான்கு சொல். வாயில் அது ‘ஷுட்டபின் செக்ட்’. தமிழில் அசைக்கு அசை ஏறத்தாழ ஒரே நேரம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலம் முக்கியமான சொல்லை ஊன்றி, மற்றவற்றை விழுங்கிவிட்டு ஓடும். புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் கண்டவர்களுக்கு அந்த விழுங்கிய சொற்கள் தெரிந்த சொற்கள்தான் என்பதே தெரியாது. ‘வேகமாகப் பேசுகிறார்’ என்று புகார் செய்வார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மட்டும் இது சரியாகாது.

மூன்றாவது, வரிசை. இதை ஆசிரியர்களே அதிகம் கவனிப்பதில்லை. ‘பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியை எடு’ என்பது தமிழ். சொல்லும் வரிசையும் செய்யும் வரிசையும் ஒன்று. ‘ரிமூவ் த கவர் ஆஃப்டர் டிஸ்கனெக்டிங் த பேட்டரி’ என்பது ஆங்கிலம். காதில் முதலில் விழுவது மூடி. கையால் முதலில் செய்ய வேண்டியது பேட்டரி. சொல் அத்தனையும் புரிந்தவர்கூட இங்கே தலைகீழாகச் செய்வார். எலெக்ட்ரிக் வண்டி செய்யும் ஊரில் இது மதிப்பெண்ணோடு போகிற விஷயமில்லை.

பக்கத்து ஊரில் நடந்த பரிசோதனை

ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் பெங்களூரில், 1979இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. உலகம் முழுக்க மொழி கற்பிக்கும் பேராசிரியர்கள் அதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். எல்லையின் இந்தப் பக்கம் அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ!

அதற்கு முன்கதை சென்னையில். 1959 வாக்கில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு அன்றைய மெட்ராஸ் மாநிலம் ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் வேறு சிலருக்குக் கொடுப்பது, அப்படியே உருண்டு பெருகித் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் போய்ச்சேருவது. ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று அதற்குப் பெயர். பனியே விழாத ஊருக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியவில்லை! இலக்கண விதியைச் சொல்லாமல், வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்குவதுதான் முறை. ‘திஸ் இஸ் எ பென்’ என்று ஊரெல்லாம் கோரஸ் கேட்டது அந்தக் காலம். பையன்கள் பேனாவைக் காட்டினால் பேனா என்பார்கள். பேனாவைத் தொலைத்தால் என்ன சொல்வது என்று தெரியாது.

பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என்.எஸ்.பிரபு இதைப் பார்த்தார். அமைப்பைப் பழக்கினால் மொழி வராது. பொருளில் மனம் முழுகி இருக்கும்போதுதான் அமைப்பு தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் ஊகம். பெங்களூரில் இருக்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில் அதைச் செய்து பார்த்தார். இலக்கணப் பாடம் கிடையாது. பாடப்புத்தக வாக்கியம் கிடையாது. ஒரு ரயில் கால அட்டவணை கொடுப்பார்கள். எந்த வண்டியில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச்சேரலாம், எதில் காத்திருக்கும் நேரம் குறைவு என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். வகுப்பே சேர்ந்து ஒரு கணக்கைப் போடும். பிறகு அதே மாதிரி இன்னொரு கணக்கை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டு, யோசித்து, எழுத வேண்டும். பதில் ஒரே சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. பேசு, பேசு என்று யாரும் நச்சரிப்பதில்லை.

கேட்டு, யோசித்து, எழுது. இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. 1985இல் பெரெட்டா, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மதிப்பீடு செய்து சாதகமாகவே எழுதினார்கள். முறையியல் ரீதியாகக் கேள்விகளும் எழுந்தன, அது வழக்கம்தான். 1987இல் பிரபுவின் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. ‘டாஸ்க்’ வழியாக மொழி கற்பிப்பது என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறைக்கு அது முன்னோடி. நாம் அதை ஏற்றுமதி செய்துவிட்டு நோட்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டோம்.

நான்கு வாக்கியம், இருபது நிமிடம்

ரயில் அட்டவணை வேண்டாம். கல்லூரித் தேர்வுக்கு ஏற்றபடி இன்னொரு பயிற்சி இருக்கிறது. ரூத் வைன்ரிப் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் 1990இல் ‘கிராமர் டிக்டேஷன்’ என்ற புத்தகத்தில் விரிவாக எழுதியது. நம் சொல்வதெழுதுதலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்னதை அப்படியே எழுதக் கூடாது, முடியவும் முடியாது.

நான்கு வாக்கியம் எடுத்துக்கொள்வோம். மெயின் சுவிட்சை அணை. பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகு மூடியை எடு. ஈரக் கையால் முனைகளைத் தொடாதே. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடு. இதை ஆங்கிலத்தில் இயல்பான வேகத்தில் ஒருவர் வாசிக்க வேண்டும். முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாம் தடவை, காதில் விழும் கனமான சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலான நோட்டில் இப்படி இருக்கும்: ‘சுவிட்ச், ரிமூவ் கவர், பேட்டரி, டச், வெட் ஹேண்ட்ஸ், ரெட் லைட், சூப்பர்வைசர்’.

எல்லாமே பிடிபட்டதுபோல் தெரிகிறதா? இனிமேல்தான் வேலை. இந்தச் சொற்களை வைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து முழு வாக்கியங்களைத் திரும்பக் கட்ட வேண்டும். அப்போது சண்டை வரும். மூடி முதலா, பேட்டரி முதலா? ‘ஆஃப்டர்’ என்றாரா, ‘பிஃபோர்’ என்றாரா? தொடு என்றாரா, தொடாதே என்றாரா? லைட்டுக்கு முன்னால் ‘எ’வா, ‘த’வா? விளக்கு எரிந்தாலா, எரிந்துகொண்டே இருந்தாலா? கடைசியில் மூல வாக்கியங்களைக் கொடுத்துத் தாங்கள் எழுதியதோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். தவறவிட்ட சொற்கள் பெரும்பாலும் விழுங்கப்பட்ட சின்னச் சொற்களாகவே இருக்கும். பன்னிரண்டு வருடம் இலக்கணமாகப் படித்தும் பிடிபடாத ‘எ’, ‘த’, ‘ஹேவ் பீன்’ எல்லாம் எதற்காக இருக்கின்றன என்பது அந்த இடத்தில் உறைக்கும்.

பிரபு குழுவாகப் பேசவிடுவதை விரும்பவில்லை. ஒருவர் தவறு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். வைன்ரிப்பின் பயிற்சிக்கு அந்தப் பேச்சுதான் உயிர். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நான் வைன்ரிப் பக்கம். அந்தச் சண்டை தமிழில் நடந்தால் நடக்கட்டும், தெலுங்கில் நடந்தாலும் நடக்கட்டும். சண்டை எதைப் பற்றி என்பதுதான் முக்கியம். அது ஆங்கில வாக்கியத்தைப் பற்றி.

தனியாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குப் போன் போதும். பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஆங்கிலம் ஏறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஏறாது. பாட்டு கேட்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. ஒரு நிமிடத் துண்டு எடுத்து, இரண்டு தடவை கேட்டு, நிறுத்தி, எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பதினைந்து நிமிடம் அந்த ஒரு மணி நேரத்தைவிட மேல். எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் ஒலியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பி.பி.சி.யின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ அப்படிப்பட்டது. இன்னும் எளிதாக வேண்டுமென்றால், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ பாணி நிகழ்ச்சிகளின் பழைய பதிவுகள் உண்டு. சுமார் 1,500 சொற்களுக்குள், மெதுவான குரலில் செய்தி சொன்னார்கள். அதில் தொடங்கலாம், அதிலேயே தங்கிவிடக் கூடாது. சிப்காட்டில் யாரும் அவ்வளவு நிதானமாகப் பேசப்போவதில்லை.

மாங்கூழை எழுது

எழுத்துக்கு வருவோம். செய்முறை விவரணைக்கு நோட்ஸில் வழக்கமாக இருப்பது சிமென்ட் தயாரிப்பு, காகிதத் தயாரிப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவர் ஏன் சிமென்டைக் கடம் அடிக்க வேண்டும்? சீசனில் ஊரே மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிறது. பெங்களூரா மாங்காய் வந்து இறங்குவது, பழுக்கவைப்பது, கழுவுவது, வெட்டுவது, கொட்டையும் தோலும் பிரிவது, கூழைச் சூடாக்குவது, டின்னில் அடைத்து மூடுவது. கண்ணால் பார்த்த வரிசை. அதை முதலில் தமிழில் வீட்டில் யாரிடமாவது கேட்டு, படிப்படியாகக் குறித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் பன்னிரண்டு வாக்கியமாக எழுதினால், தேர்வில் என்ன பொருளைக் கேட்டாலும் அந்த எலும்புக்கூடு உதவும். வரைபடத்தை எழுத்தாக்கும் கேள்விக்கு ராயக்கோட்டைத் தக்காளி விலை இருக்கிறது. ஒரு மாதம் விலையைக் குறித்தால் எந்தப் பாடப்புத்தகக் கோட்டையும்விட அதிகமாக ஏறி இறங்கும்.

தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கில விவரணையில் ஒரு கைரேகை உண்டு. ‘கழுவி, வெட்டி, கூழெடுத்து, சூடாக்கி, டின்னில் அடைத்து’ என்று தமிழ் எச்சங்களாகக் கோத்து ஒரே வாக்கியத்தில் ஆலையையே சுற்றிவரும். அழகான வசதி அது. ஆங்கிலத்தில் அப்படியே போனால் ‘அண்ட் தென், அண்ட் தென், அண்ட்’ என்று பக்கம் முழுவதும் ஓடும். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம் என்று வெட்டிப் பழகுவதே முதல் வாரத்துப் பயிற்சி. அடுத்த வாரம்தான் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘ஒன்ஸ்’ எல்லாம் போட்டு இரண்டிரண்டாக ஒட்ட வேண்டும். காதால் பிடித்த அதே சொற்கள், இப்போது கையில். கேட்டலும் எழுத்தும் தனித்தனிப் பாடம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகைத் தேர்வும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கலை அறிவியல் மாணவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஆங்கிலப் பயிற்சியும் ‘லிங்குவாஸ்கில்’ என்ற கணினித் தேர்வும் வந்தன. அங்கே காது உண்டு. நாம் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம்: குறைந்தது 50 சொல்லில் ஒரு மெயில், குறைந்தது 180 சொல்லில் கடிதமோ அறிக்கையோ. கடம் அடித்த கட்டுரை இங்கே செல்லுபடியாகாது. மெயிலில் மூன்று விஷயம் சொல்லச் சொல்லியிருந்தால் மூன்றும் இருக்க வேண்டும். நோட்ஸ் கடைகள் இதற்கு இன்னும் கட்டுப் போடவில்லை என்றால், போட முடியாது என்பதுதான் காரணம். பட்டம் முடித்து வெளிநாடு போக நினைப்பவர்களின் ஐ.இ.எல்.டி.எஸ்.இல் இன்னும் கறார்: 40 கேள்வி, ஒலி ஒரே ஒரு தடவை.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து, பின்னாளில் மகாபாரதத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அவரை உதாரணம் காட்டி மேடையில் பேசுவது இந்த மாவட்டத்தில் சம்பிரதாயம். அவர் காலத்தில் கல்லூரிக்குப் போனவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். இன்று ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் ஆயிரம் ரூபாயை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பெண்களுக்கு மேதை உதாரணம் உதவாது. காலையில் பேருந்து, மாலையில் வீட்டு வேலை, நடுவில் கிடைக்கும் வகுப்பு நேரம்தான் அவர்களுடைய மொத்த ஆங்கிலம். அதில் காதுக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இதற்குப் பல்கலைக்கழகம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ரெகுலேஷன்படி தாளுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல், 60 எக்ஸ்டர்னல். அந்த இன்டர்னலுக்கான ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுத்துத் தேர்வுக்கு 60 பங்கு. மீதி 40 பங்கு அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் என்று ஆசிரியர் கையில் இருக்கிறது. பெரும்பாலும் அது இணையத்தில் பார்த்து எழுதிய நான்கு பக்கமாக, வண்ண பார்டர் போட்ட தாளில் வந்து அலமாரியில் தூங்குகிறது. அதற்குப் பதிலாக வகுப்பில் நான்கு வாக்கியத்தை இரண்டு தடவை வாசித்து, திரும்பக் கட்டி எழுதவைத்து, அந்தத் தாளை வாங்கி மதிப்பெண் போட எந்த விதியும் தடையில்லை. ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. திருத்துவதற்கு ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அறுபது தாளுக்கு இரண்டு மணி நேரம். ஏற்கெனவே ‘நாக்’ தர மதிப்பீட்டுக் கோப்புகளில் மூழ்கிக் கிடக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்பது சுலபமில்லை என்பதும் உண்மைதான். ஒரு தாளை இன்னொரு மாணவர் திருத்தட்டும். மூல வாக்கியம் கரும்பலகையில் இருக்கிறது. ‘ஆஃப்டர்’ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பேராசிரியர் தேவையில்லை.